மேலப்பக்கம்

மார்ச் 2

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. இந்த அலுவலகத்தில் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது. எழுதி வைக்கிறேன்.

நான் வனவர். தாவரவியலில் முதுகலை. குதிரைக்கல் மலையில் முளைக்கும் ஒவ்வொரு புல்லுக்கும் தாவரவியல் பெயர் சொல்வேன். ரேஞ்சர் பதவிக்கான நேர்முகத்தில் என்னிடம் மாநில மரம் எது என்று கேட்டு, நான் பதில் சொல்லும்போதே கடிகாரத்தைப் பார்த்து, அனுப்பிவைத்தார்கள். இன்று எனக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கும் ரேஞ்சர் தவசிலிங்கம் என்னைவிடப் பதினாறு வயது இளையவர். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளை. பயிற்சிக்குப் போகும்வரை மலையைப் பேருந்து ஜன்னலில்தான் பார்த்திருப்பார்.

இன்று தீப்பருவத்துக்கான கூட்டம். எல்லோர் தட்டிலும் வடை இருந்தது. என் தட்டில் காராபூந்தி மட்டும். நான் கேட்கவில்லை.

மார்ச் 5

தீக்கோடு வெட்டும் வேலை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஊருக்குள் எங்களைத் தீயை அணைக்கிறவர்கள் என்று நினைக்கிறார்கள். இந்தச் செங்குத்தில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோவதற்குள் ஆள் செத்துவிடுவான். நாங்கள் செய்வது தீயைப் பட்டினி போடுவது. இரண்டு ஆள் நீட்டிப் படுக்கும் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் வழித்து, வெறும் மண் தெரிய ஒரு கோடு போடுகிறோம். தீ அதுவரை வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கும். நிற்க வேண்டும்.

குழுவை நடத்துகிறவள் வனக்காப்பாளர் சுகந்தி. ஓட்டப்பந்தயத்தில் பதக்கம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த பெண். எனக்கு எந்த ஒதுக்கீடும் இருந்ததில்லை. ஆனால் வேலை தெரியும் அவளுக்கு. அதை மறுக்க மாட்டேன். வேலை தொடங்குமுன் தீக்காவலர்களை நிறுத்திவைத்துப் பள்ளிக்கூடம் போலக் கேட்கிறாள்.

"தீ வந்தா எங்க நிக்கணும்?"

"பக்கவாட்டுல."

"எங்க நிக்கக் கூடாது?"

"தீக்கு மேல."

மலையில் தீ ஏறும் வேகத்துக்கு எந்தப் பதக்கக்காரியும் ஓட முடியாது. இறங்கும்போது அது சோம்பேறி, ஏறும்போது பேய். இதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும்.

தீக்காவலர்களில் வீரணன் என்றொருவன். மலைக்குடியிருப்பைச் சேர்ந்தவன். வாய் ஓயாது. "வீட்லயும் அதேதான் தாயி. அவ கோவமா இருக்கையில நேரா மேல நின்னம்னா கருகிப்போவோம். பக்கவாட்டுல நின்னு, தணியவும் பைய உள்ள போகணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 9

சுக்குச்சரிவின் மேற்கோரத்தில் தீ. சரிவு முழுக்கச் சுக்குநாறிப்புல். எண்ணெய் உள்ள புல்; பச்சையாக இருக்கும்போதே பற்றும்.

இன்று வேலை அழகாக நடந்தது என்று எழுதத்தான் வேண்டும். பக்கவாட்டில் இரண்டு அணி நின்று, பச்சைக் கொப்பால் அடித்து அடித்துத் தீயைக் குறுக்கினார்கள். உச்சியில் ஏற்கெனவே கோடு இருந்தது. பொழுது சாய்ந்து காற்று திரும்பி இறக்கத்தில் வீச ஆரம்பித்ததும், சுகந்தி கோட்டின் உட்பக்கப் புல்லில் தானே தீ வைத்தாள். எதிர்த்தீ. அது மெதுவாகக் கீழே இறங்க, காட்டுத்தீ மேலே ஏற, நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டு, தின்ன ஏதுமில்லாமல் அடங்கிவிட்டன. எரிந்த இடத்துக்குக் கரிக்காடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எரிந்த இடம் மறுபடி எரியாது. இந்தப் பருவம் முழுக்க அந்தச் சரிவில் பத்திரமான இடம் அதுதான்.

ஒரு வேடிக்கை. மதியம் ரேஞ்சர் வயர்லெஸ்ஸில், "சாப்பாட்ட மேலப்பக்கம் குடுத்துவிடுங்க" என்றார். ஜீப் டிரைவர் மொக்கைச்சாமி மலையடிவாரத்தில் பிறந்தவன். பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டான். ஆட்கள் இருந்ததோ மேற்கோரத்தில், சரிவின் பாதி உயரத்தில். ரேஞ்சருக்கு மேலப்பக்கம் என்றால் மேற்கு. கரிசலில் மேலக்காடு, மேலத்தெரு என்கிற மாதிரி. சமவெளிக்காரருக்கு நிலம் தட்டையாகத்தான் இருக்கும். மலைக்காரருக்கு மேலப்பக்கம் என்றால் உச்சி.

மொக்கைச்சாமி ஏற ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் அவனைக் கூப்பிடவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

பசியில் உட்கார்ந்திருந்த வீரணன் சொன்னான்: "சாமி மலையேறும்னு கேள்விப்பட்ருக்கேன். சோறும் மலையேறுமா?"

மார்ச் 10

அலுவலகத்தில் கூட்டம். நான் எழுந்து, வயர்லெஸ்ஸில் மேல, கீழ என்று பேசக் கூடாது, மேற்கு, கிழக்கு, ஏறு, இறங்கு என்ற நான்கு சொற்களையே பயன்படுத்த வேண்டும் என்றேன். காரணமும் சொன்னேன். தமிழில் மேல் என்ற ஒரே சொல் உயரத்துக்கும் திசைக்கும் வந்தது எப்படி, நிலம் கிழக்கே சரிந்திருப்பதால் மேற்கு உயர்ந்த திசையானது எப்படி என்று சற்று விரிவாகவே சொன்னேன்.

தவசிலிங்கம் கையைத் தூக்கினார். "சார், தமிழ் வகுப்ப சாயங்காலம் வச்சுக்கலாம். இனி சுக்குச்சரிவுல தீன்னா நீங்கதான் நடுவுல ரிலே. நான் சொல்றத ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அங்கிட்டுச் சொன்னாப் போதும். உங்க வியாக்கியானம் வேணாம். சரியா?"

"சரி சார்" என்றேன்.

அறை முழுக்கச் சிரிப்பு. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தினாலும் சிரிப்பு சிரிப்புதான்.

ஒரு எழுத்து மாற்றாமல். ஆகட்டும்.

மார்ச் 15

மழை இல்லை. மேகமும் இல்லை. குவார்ட்டர்ஸ் குழாயில் செம்மண் தண்ணீர் வருகிறது. திருச்சியில் இருக்கும் மங்கையிடம் போனில் சொன்னேன். "வடிகட்டிக் காச்சிக் குடிங்க. எதுக்கெடுத்தாலும் யார் மேலயாவது கோவப்படாதீங்க" என்றாள். என் மனைவி என் பக்கம் நின்று பேசிய நாள் என்று ஒன்று இருந்தால் அதையும் இதில் எழுதுவேன்.

மார்ச் 20

எழுதியே ஆக வேண்டும். நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் சுக்குச்சரிவுக்கு எதிர்க்கரையில், ஓடைக்கு அந்தப் பக்கம் புகை. ஓடையைத் தாண்டினால் சரிவு முழுவதும் போய்விடும். ரேஞ்சர் போட்ட திட்டம் சரியானதுதான். சரிவின் நடுவில், மேற்கே உள்ள கரிக்காட்டிலிருந்து கிழக்கே பாறை வரைக்கும் ஒரு கோடு வெட்டுவது. சுகந்தி, வீரணன், இன்னும் இரண்டு காவலர்கள் அதற்குப் போனார்கள். ரேஞ்சர் பள்ளத்தாக்கின் மறுபுறம், ஜீப் ரோட்டில். நான் இரண்டுக்கும் நடுவே சட்டிப்பாறையில், வயர்லெஸ்ஸோடு.

ரேஞ்சர் நின்ற இடத்திலிருந்து குழு தெரியாது. ஒரு மேடு மறைக்கும். அதனால் அவருடைய வயர்லெஸ்ஸும் அங்கே எட்டாது. குழு நின்ற இடத்திலிருந்து ஓடை தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்தது.

உச்சிவெயிலில் காற்று எழுந்தது. ஓடையோரம் நின்றிருந்த பட்ட மரம் ஒன்று பற்றி, முறிந்து, இந்தக் கரையில் விழுந்தது. குழுவுக்கு நேர் கீழே. அதுவரை வெள்ளையாக இருந்த புகை மஞ்சளானது.

ரேஞ்சர் கூப்பிட்டார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "தீ ஓடையத் தாண்டிருச்சு. டீம உடனே ஒதுங்கச் சொல்லுங்க. மேலப்பக்கம் ஒதுங்கச் சொல்லுங்க."

நான் சுகந்தியைக் கூப்பிட்டேன். "மேலப்பக்கம் ஒதுங்குங்க. ரேஞ்சர் உத்தரவு."

ஒரு எழுத்து மாற்றவில்லை.

அவர்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

முதலில் அவளுடைய மஞ்சள் ஹெல்மெட். பின்னால் மூன்று பேர், மண்வெட்டிகளோடு. கரிக்காடு அவர்களுக்குப் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில், கறுப்பாக, வெறுமையாகக் கிடந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லுக்குள் ஏறினார்கள். கீழே தீ அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

ரேஞ்சரைக் கூப்பிட்டேன். "சார், நீங்க சொன்னபடி டீம் மேல போறாங்க."

"மேலயா?"

"ஆமா சார்."

"யோவ், கரிக்காட்டுக்குய்யா. கரிக்காட்டுக்குப் போகச் சொன்னேன். மேலப்பக்கம்யா."

"மேலப்பக்கம்னுதான் சார் சொன்னேன். நீங்க சொன்னபடியே."

 அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, "திருப்பு, திருப்பு, அவங்களத் திருப்பு" என்றார். நான் சுகந்தியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

தீ ஏறியது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். அவ்வளவு பெரிய சத்தம் புல்லிலிருந்து வரும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. புகைக்கு நல்ல வாசனை. எலுமிச்சை போட்ட தேநீர் வாசனை. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு நல்ல வாசனை.

புகை விலகியபோது சரிவு கறுப்பாக இருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறை இடுக்கு. அதிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சுகந்தி இடுக்குக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். வீரணனின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோதும் விடவில்லை.

மார்ச் 21

சட்டையைத் துவைத்தேன். மறுபடி துவைத்தேன். வாசனை போகவில்லை.

மார்ச் 22

வீரணனை எடுத்தார்கள். ரேஞ்சர் மாலை வைத்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

அவன் மனைவி குருவம்மா அழவில்லை. எல்லோரையும் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். "ஏன் சாமி மேல ஏறுனாரு? தீ மேலதான் வரும்னு எங்க பொட்டப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே. பெறந்ததுலருந்து இந்தக் காட்டுல கெடந்த மனுசன். அவரு எதுக்கு மேல ஏறுனாரு?"

ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காற்று என்று சொன்னேன் போலிருக்கிறது.

அவளுக்குப் பின்னால் யாரோ, குடித்திருப்பான் என்றார்கள். இன்னொருவர், பொம்பளை பேச்சைக் கேட்டு ஏறினால் இப்படித்தான் என்றார். அவள் காதில் விழுந்தது. சுகந்தியின் பெயரை மனசில் குறித்துக்கொள்வது போல அவள் தலை மெல்ல அசைந்தது.

திரும்பும்போது ஜீப்பை மொக்கைச்சாமி ஓட்டினான். பாலம் தாண்டியதும் சொன்னான்: "சார், இது அன்னைக்குச் சோத்துக்கு நடந்ததேதான?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

"ரோட்டத்தான் சார் பாக்கேன். அன்னைக்கு நான் ஏறுனேன். சோறு ஆறிப்போச்சு. அவ்வளவோட போச்சு."

மார்ச் 24

மாவட்ட ஆஸ்பத்திரி. சுகந்திக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொஞ்சம் ஆரஞ்சும் வாங்கிப் போயிருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"சார், உக்காருங்க" என்றாள். பிறகு, "ரெண்டு தடவ கேட்டேன்ல சார்?"

"என்ன கேட்ட?"

"மேல ஏறவா சார், தீ எங்க இருக்குன்னு கேட்டேன். நீங்க, மேலப்பக்கம் ஒதுங்கு, ரேஞ்சர் உத்தரவுன்னீங்க. எனக்கு மனசு ஒப்பல. வீரணண்ணனும் இது சரியில்ல தாயின்னாரு. அதான் திரும்பக் கேட்டேன். ஏறணுமான்னு."

"இரைச்சலா இருந்துச்சும்மா."

"இல்ல சார். தெளிவா பதில் சொன்னீங்க. 'அவர் சொன்னத அப்படியே சொல்றேன். மேலப்பக்கம்.' அப்படின்னீங்க. எங்களுக்குத் தெரியாதது உங்களுக்கும் ரேஞ்சருக்கும் தெரியுதுன்னு நெனச்சேன். உச்சியில எதிர்த்தீ வச்சு முடிச்சுட்டாங்க போலன்னு நெனச்சேன். அண்ணன்ட்டயும் அதத்தான் சொல்லி ஏறச் சொன்னேன்."

மருந்து மயக்கத்தில் இருப்பவர்கள் பலதும் சொல்வார்கள். ஆனால் அவள் 'அப்படியே' என்ற சொல்லை நான் சொல்கிற மாதிரியே சொன்னாள். அழுத்தி.

ஆரஞ்சை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 27

சுகந்தியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். உத்தரவுக்கு மாறாகக் குழுவை உச்சியை நோக்கி நடத்திச் சென்று ஓர் உயிரிழப்புக்குக் காரணமானார். இது ரேஞ்சரின் அறிக்கை.

மாலையில் ரேஞ்சர் கூப்பிட்டார். இத்தனை மாதத்தில் அவர் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. இன்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். முகம் வீங்கியிருந்தது. தூங்கி நாளாகியிருக்கும்.

"நான் மேற்கத்தான் சார் சொன்னேன். எங்க ஊர்ல அதுக்கு வேற வார்த்தையே கெடையாது. வாயில அதுதான் வந்துச்சு."

"தெரியும் சார்."

"தெரியும்னா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.  பிறகு மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "மேலப்பக்கம்னு நான் சொன்னேன். மேலப்பக்கம்னு நீங்க சொன்னீங்க. விசாரணையில ரெண்டு பேரும் அதச் சொன்னாப் போதும். பொய் ஒண்ணும் இல்லையே. அந்தப் புள்ள தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றேன்.

டீ வரவழைத்தார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

மார்ச் 29

விசாரணைக்கு மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். மரியாதையானவர். என் படிப்பைக் கேட்டு, "அப்படியா?" என்று நிமிர்ந்து பார்த்தார். இந்தத் துறையில் அப்படி ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

என்ன செய்தி சொன்னீர்கள் என்றார். மேலப்பக்கம் ஒதுங்குங்கள் என்றேன். அதன் பொருள் என்றார். அகராதிப்படி மேற்கு என்றேன். அவர் தலையசைத்தார்.

"வனக்காப்பாளர் உங்களிடம் விளக்கம் ஏதும் கேட்டாரா?"

"நினைவில்லை சார்."

கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நினைவில்லை என்றுதான் சொன்னேன். இந்த வித்தியாசம் எழுத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் புரிந்துகொண்டது அவர்.

காவலர்கள் இருவரும், முன்னால் போனவர் பின்னால் போனோம், வயர்லெஸ்ஸில் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை என்றார்களாம். அதைக் கேட்ட மூன்றாவது ஆள் வீரணன்.

ஏப்ரல் 1

மங்கை போன் செய்தாள். செய்தியில் பார்த்தாளாம். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு திருப்பிக் கேட்டாளா இல்லையா?"

"நினைவில்லைன்னு சொல்லியிருக்கேன்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல. கேட்டாளா?"

"இரைச்சல்."

"கல்யாணத்தன்னைக்கு உங்க மாமா என்ன சொன்னாருன்னு இன்னைக்கும் ஏத்த எறக்கத்தோட சொல்லுவீங்க. ஒருத்தர் சொன்ன சொல்ல நீங்க மறந்து நான் பார்த்ததில்லைங்க."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

ஜன்னலுக்கு வெளியே மலை. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. மழை பெய்தால் முதலில் முளைப்பது அதே புல்தான். வேர் சாகாது.

ஏப்ரல் 4

சுகந்தி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். தம்பி வண்டியோடு வாசலில் நின்றான். கையில் கட்டு குறைந்திருந்தது. விரல்கள் ஒட்டிப் பிடித்தாற்போல் இருந்தன. தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவில் இடுக்கித் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. வைத்துவிட்டாள். நான் உதவி செய்திருக்க வேண்டும் என்று அவள் போன பிறகுதான் தோன்றியது.

"நீங்க ரேஞ்சர எதுத்துச் சொல்ல வேணாம் சார். ரெண்டு தடவ நான் கேட்டேன்னு மட்டும் எழுதிக் குடுங்க. சங்கத்துல விசாரிச்சேன். பேரு போட்டு ஒருத்தர் எழுதிக் குடுத்தா மறு விசாரணை வைப்பாங்களாம். மொட்டையா வந்தாக் குப்பையிலதான் போடுவாங்களாம்."

டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"வேலைக்காக மட்டும் இல்ல சார். வேல போனா மாடு மேய்ச்சுக்கூடப் பொழைச்சுக்குவேன். குருவம்மாக்கா வீட்டுக்குப் போனேன். கதவச் சாத்திட்டாங்க. அவங்க புருசன நான் கூட்டிட்டுப் போயிக் கொன்னுட்டேன்னு நெனைக்கிறாங்க. நான் கேட்டேன், கேட்டுட்டுத்தான் ஏறுனோம்னு அவங்களுக்குத் தெரியணும். அத நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லணும்."

"யோசிக்கிறேன்" என்றேன்.

"கூட்டத்துல அன்னைக்கு நான் சிரிச்சது தப்புதான் சார்" என்றாள்.

இதை ஏன் சொன்னாள்? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் போய் வெகுநேரம் வரைக்கும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.  அவளுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கே தெரியாத ஒன்று?

இல்லை. சம்பந்தமில்லை.

ஏப்ரல் 5

வேலைக்குப் போனேன். வந்தேன். சோறு குழைந்துவிட்டது.

ஏப்ரல் 7

எழுதிவிடுகிறேன்.

இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை: "மேல ஏறவா சார்? தீ எங்க இருக்கு?" நான்: "மேலப்பக்கம் ஒதுங்கு. ரேஞ்சர் உத்தரவு." இரண்டாம் தடவை: "ஏறணுமா சார்?" அவள் குரலுக்குப் பின்னால் வீரணன், "இது சரியில்ல தாயி" என்றது எனக்கும் கேட்டது. நான்: "அவர் சொன்னத அப்படியே சொல்றேன். மேலப்பக்கம்."

வயர்லெஸ்ஸில் இரைச்சல் இல்லை.

கரிக்காடு எனக்குத் தெரிந்தது. ரேஞ்சர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்தது. அவள் எதைக் கேட்கிறாள் என்றும் தெரிந்தது. மேற்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்பது, அத்தனை பேர் முன்னால், சிரிப்புக்கு நடுவில் எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு. அதை மீற எனக்கு அதிகாரம் இல்லை. இந்த முறையை உண்டாக்கியவர் தவசிலிங்கம். நான் எச்சரித்தேன்; கூட்டத்தில் எழுந்து நின்று எச்சரித்தேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் வீரணன் இன்றைக்கு இருப்பான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் ஏற ஆரம்பித்ததும் நான் முதலில் கூப்பிட்டது ரேஞ்சரை. சுகந்தியை இல்லை. இதையும் எழுதுகிறேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்று வந்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தாலும் அதே வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறேன். அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அவரிடம், "நீங்க சொன்னபடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வனத்துறைப் பணியாளர்கள் மாநிலம் முழுக்கச் சேர்ந்திருக்கும் முகநூல் குழு ஒன்று உண்டு. சங்கத்தார், ரேஞ்சர்கள், காவலர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இடமாறுதல் புலம்பலும் பொங்கல் வாழ்த்துமாக ஓடும். மார்ச் இரண்டிலிருந்து இதுவரை எழுதியதை மதியம் முழுக்கப் போனில் தட்டச்சு செய்து முடித்தேன். வடையையும் விடவில்லை. மாற்றினால் பிறகு எதை மாற்றினேன் என்று ஒரு கேள்வி வரும்.

மலைக்குடியிருப்பில் இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. யாராவது குருவம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள். கதவைத் திறப்பாளோ என்னவோ.

போடுமுன் முகநூல் கேட்கிறது: உங்கள் பெயரில் பதிவிடவா, பெயர் காட்டாமல் பதிவிடவா?

மொட்டையாக வந்தால் குப்பையில் போடுவார்கள் என்று சுகந்தி சொன்னாள். அது அலுவலகக் காகிதத்துக்கு. இதை ஆயிரக்கணக்கானவர்கள் படிப்பார்கள். படிக்கிற எவருக்கும் நான் யாரென்று தெரிந்துவிடும். அன்றைக்குச் சட்டிப்பாறையில் நின்றவன் ஒருவன்தான். தவசிலிங்கத்தின் பெயர் இருக்கிறது, சுகந்தியின் பெயர் இருக்கிறது, செத்தவனின் பெயர் இருக்கிறது. என் பெயரும் வேண்டும் என்று யாராவது கேட்டால், தேவையான உண்மை முழுவதும் இதில் இருக்கிறது என்பேன்.

இல்லை, அதையும் சொல்ல மாட்டேன். அவர்களாகத் தெரிந்துகொள்வது வேறு, நான் சொல்வது வேறு.

பெயர் இல்லாமல் போடுகிறேன்.